கெடு சொல்வதற்கு முன் இன்னொரு முறை படம் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியால் கெட்ட கல்லீரலைப் பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நோயாளியின் உடலில் சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் அணுப்படம், அவர் இன்னும் எத்தனை நாள் உயிரோடிருப்பார் என்பதைக் கூறிவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த வாக்கியம் பொய்யன்று. ஆனால் பாதி உண்மையோடு நின்றுவிட்டது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால், அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் ஏதோ ஒரு குடும்பம், தன் கைக்கு வரும் முதல் படத்தையே சாவோலையாக எடுத்துக்கொள்ளும். நீளமாகிவிடும் என்று தெரிந்தே இக்கடிதத்தை எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நான் மருத்துவர் அல்லன். அணு மருத்துவப் பிரிவில் காமா கேமராவை இயக்கும் தொழில்நுட்பராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன். காலையில் கதிரியக்க மருந்தைக் கலந்து அளந்து வைப்பது, நோயாளியைக் கேமராவின் கீழே படுக்கவைத்து அசையாமலிருக்கச் சொல்வது, திரையில் புள்ளி புள்ளியாகப் படம் நிறைவதைக் கவனித்திருப்பது, பிறகு கணினியில் கல்லீரலையும் மண்ணீரலையும் சுற்றிக் கோடு வரைந்து எண்ணிக்கைகளை எடுத்துக் கொடுப்பது ஆகியவையே என் வேலை. படத்துக்குப் பொருள் எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. ஆயினும், ஒரே மனிதர் முதல் முறை வந்தபோதும் மறுமுறை வந்தபோதும் அவரைப் படுக்கவைத்தவன் பெரும்பாலும் நானாகவே இருந்ததால், இரண்டு படங்களுக்கு நடுவில் என்னென்ன நடக்கக்கூடும் என்பதை அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

இந்தப் படம் எதைக் காட்டுகிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிச் சென்றுவிட்டது. அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் கல்லீரலின் உருவத்தைக் காட்டுகின்றன; அது பெருத்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா, மேற்பரப்பு மேடு பள்ளமாக இருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்பதை அவற்றில் காணலாம். அணுப்படத்தில் உருவம் மங்கலாகத்தான் தெரியும். உருவத்துக்காக அதை எடுப்பதும் இல்லை. அது காட்டுவது கல்லீரல் செய்யும் வேலையை. டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளை, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அளவுள்ள கந்தகத் துகள்களில் ஏற்றி, அந்தக் கூழ்மத்தைக் கையிலுள்ள சிரையில் ஊசி மூலம் செலுத்துகிறோம். அது இரத்தத்தோடு உடலெங்கும் சுற்றி வரும்போது, கல்லீரலின் நுண்குழல்களுடைய உட்சுவரில் ஒட்டிக் காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் அந்தத் துகள்களைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் என்பவரின் பெயரைப் பெற்ற இந்தச் செல்களின் அன்றாட வேலை, குடலிலிருந்து இரத்தத்தோடு வந்து சேரும் கிருமிகளையும் அவற்றின் நச்சுகளையும் விழுங்கி, மற்ற உறுப்புகளுக்குப் போகாமல் தடுப்பதாகும். நாம் அனுப்பும் துகளையும் அவை கிருமியைப் போலவே பாவித்து உள்ளிழுத்துக்கொள்கின்றன.

நலமாக உள்ள ஒருவரிடம், செலுத்திய துகள்களில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கல்லீரலுக்குள்ளேயே போய்ச் சேரும். மண்ணீரல் சிறு பங்கைப் பிடிக்கும். எலும்பு மஜ்ஜைக்கு மிகச் சொற்பமே போகும். ஊசி போட்ட 15, 20 நிமிடங்களில் படம் எடுத்தால் கல்லீரல் முழுநிலவைப் போலப் பளிச்சென்று நிற்கும். மண்ணீரல் அதைவிட மங்கியிருக்கும். முதுகெலும்பு கண்ணுக்கே தெரியாது. ஆண்டுக்கணக்கில் மது அரித்த கல்லீரலில் நிலைமை வேறு. தழும்பு நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, இரத்தம் செல்களுக்குப் பக்கத்தில் போகவே வழியில்லாமல் செய்துவிடுகின்றன. குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குள் நுழைய முடியாமல், உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் வயிற்றின் மேற்பகுதியிலும் உள்ள சிறு சிரைகள் வழியாகச் சுற்றுவழியில் போய்விடுகிறது. கல்லீரல் பிடிக்காமல் விட்ட துகள்கள் மண்ணீரலுக்கும் மஜ்ஜைக்கும் போகின்றன. அப்போது படத்தில் கல்லீரல் மங்கி, மண்ணீரல் ஒளிர்ந்து, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் எழுந்து தெரியும். எங்கள் பிரிவில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "முதுகெலும்பு தெரிகிறதா?"

அந்தக் கேள்விக்கான விடையைக் கண்ணளவில் விடாமல் எண்ணாக மாற்ற முடியும் என்பதே இத்துறையின் அருமை. கல்லீரலில் பதிவான கதிர் எண்ணிக்கையை மண்ணீரலின் எண்ணிக்கையோடும் மஜ்ஜையின் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டு விகிதம் காணலாம். கேமரா நோயாளியைச் சுற்றிச் சுழன்று எடுக்கும் ஸ்பெக்ட் முறையில், இரத்தம் பாய்ந்து உண்மையாகவே வேலை செய்யும் கல்லீரல் திசு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் கணக்கிடலாம். மது சார்ந்த கல்லீரல் நோயாளிகளை இவ்வாறு அளந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், மிஞ்சிய பங்கு குறையக் குறைய ஆயுளும் குறைவதைக் கண்டார்கள். இதில் வியப்பில்லை. இந்நோயில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் சுற்றுவழிச் சிரைகள் வெடித்து வரும் இரத்த வாந்தி, கிருமித் தொற்று, மூளை மயக்கம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையே. சுற்றுவழி எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதையும், கிருமியை விழுங்கும் காவலர்கள் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதையும் அந்த ஒரே படம் சேர்த்துச் சொல்கிறது. கல்லீரலில் ஊசி நுழைத்து எடுக்கும் திசுத் துணுக்கு, முழு உறுப்பில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான். இந்தப் படமோ உறுப்பு முழுவதையும் ஒருசேரக் கணக்கில் எடுக்கிறது. இதுவரை உங்கள் கட்டுரையாளரோடு எனக்குக் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை.

அவர் இரத்தப் பரிசோதனைகளைப் பழையவை என்று ஒதுக்கித் தள்ளியதைத்தான் ஏற்க முடியவில்லை. 1964இல் சைல்டும் டர்காட்டும் வகுத்து, 1973இல் பக் திருத்தியமைத்த மதிப்பெண் முறை இன்றும் ஒவ்வொரு கல்லீரல் பிரிவிலும் பயன்படுகிறது. பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி), ஆல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மூளை மயக்கம் ஆகிய ஐந்தையும் கூட்டி அது நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. மதுவால் கல்லீரல் திடீரென்று அழன்று மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கு மேட்ரே கணக்கு இருக்கிறது: இரத்தம் உறைய எத்தனை விநாடி கூடுதலாகிறதோ அதை 4.6ஆல் பெருக்கி, பிலிருபின் அளவைக் கூட்ட வேண்டும். எட்டு விநாடி கூடுதல், பிலிருபின் 10 என்றால், விடை 46.8. அந்த விடை 32ஐத் தொட்டாலே நோய் கடுமையானது. சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோகிறார். பிலிருபின், ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தின் அளவை), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) ஆகியவற்றைக் கொண்டு தொடங்கி, பின்னர் வேறு சில விவரங்களும் சேர்க்கப்பட்ட மெல்டு மதிப்பெண்ணை வைத்தே 2002 முதல் அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையை வகுத்து வருகிறார்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கிடைக்கும் இந்த எண்கள், அடுத்த சில வாரங்களையும் மாதங்களையும் பற்றி நம்பத்தக்க செய்தியைத் தருகின்றன. அவற்றின் இடத்தை அணுப்படம் பிடிக்க வேண்டியதில்லை.

அணுப்படம் கூடுதலாக உதவும் இடம் வேறு. காமாலை இல்லை, வயிற்றில் நீர் இல்லை, இரத்த எண்கள் எல்லாம் ஏறக்குறைய சரியாகவே வருகின்றன, ஆனால் பல ஆண்டுகளாகக் குடித்தவர் என்று ஒருவர் வருகிறார். கல்லீரலுக்குக் கையிருப்பு மிக அதிகம். பெரும்பகுதி அழிந்த பிறகும் மீதியை வைத்து அது குடும்பத்தை ஓட்டிவிடும். பரிசோதனைத் தாளில் எண்கள் கெடத் தொடங்கும்போது கையிருப்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். அணுப்படம் அந்தக் கையிருப்பையே எண்ணிப் பார்ப்பதால், தாளில் எதுவும் தெரியாத நாளிலேயே அடுத்த பல ஆண்டுகளைப் பற்றி எச்சரிக்க முடியும். வயிற்று நீரோ இரத்த வாந்தியோ காமாலையோ இன்னும் வராத கல்லீரல் சுருக்கத்தில் நோயாளிகளில் பாதிப் பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். அவற்றில் ஒன்று வந்துவிட்டால் அந்தக் காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவரை இந்தப் பக்கமே நிறுத்துவதற்கு உதவும் கருவி எதுவானாலும் அது போற்றத்தக்கது.

இனி, கட்டுரை சொல்லாமல் விட்ட பாதிக்கு வருகிறேன். துகளைப் பிடிப்பது குப்ஃபர் செல்கள் என்றேன். அந்தச் செல்கள் இறந்து தழும்பாகிவிட்டாலும் படம் மங்கும்; அவை உயிரோடிருந்தும் மதுவின் நச்சால் செயலற்றுக் கிடந்தாலும் படம் மங்கும். கேமராவுக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அழற்சி கடுமையாக இருக்கும் நாட்களில், உருவத்தில் பெருத்து விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் கல்லீரல்கூடப் படத்தில் ஏறக்குறையக் காணாமலே போய்விடுவதுண்டு. மண்ணீரலும் முதுகெலும்பும் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். தழும்பால் காணாமல் போன கல்லீரல் திரும்பி வருவது அரிது. அழற்சியால் காணாமல் போன கல்லீரலோ, குடியை நிறுத்தி, உணவு உள்ளே போய், சில மாதங்கள் கழிந்தால் படத்தில் திரும்பி வரும். எனவே, குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த வாரத்தில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து, இவ்வளவுதான் மிஞ்சியது என்று முடிவு கட்டுவது, வெள்ளத்தில் மூழ்கியிருக்கும் வயலைப் பார்த்து இங்கே நிலமே இல்லை என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

ஒருவரை மறக்க முடியவில்லை. நாற்பது வயதைத் தாண்டாதவர். கண்ணும் தோலும் மஞ்சளாகி, கால்கள் வீங்கி, சக்கர நாற்காலியில் அவரை அழைத்து வந்தார்கள். படம் நிறைய நிறைய, வலப்பக்கம் கல்லீரல் இருக்க வேண்டிய இடம் இருளாகவே இருந்தது. மருந்து சிரைக்குள் போகாமல் கையிலேயே தங்கிவிட்டதோ என்று ஐயப்பட்டு ஊசி போட்ட இடத்தைக்கூடக் கேமராவில் சோதித்தேன். மருந்தில் தவறில்லை. வெளியே நின்ற அவருடைய மனைவி, நான் எதுவும் கேட்காமலேயே, "எல்லாம் முடிந்துவிட்டதா ஐயா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லும் உரிமையும் இல்லை, தெரியவும் இல்லை. எட்டு மாதங்கள் கழித்து அதே மனிதர் தம் காலால் நடந்து வந்து, தாமே படுக்கையில் ஏறிப் படுத்தார். சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை என்றார். படத்தில் கல்லீரல் இருந்தது. நலமான கல்லீரல் என்று சொல்ல மாட்டேன். இடது மடல் பெருத்து, வலது மடல் சுருங்கி, முதுகெலும்பின் நிழலும் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் முதல் படத்தில் இருந்த இருள் அங்கே இல்லை. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து மருத்துவர் அவருக்குக் காட்டினார். அவர் நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் படத்தைக் கொண்டு அவருக்கு யாராவது கெடு சொல்லியிருந்தால் அந்தக் கெடு தவறாகப் போயிருக்கும்.

மாறானதும் நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். வேறொருவருக்கு முதல் படமே ஓரளவு நன்றாக வந்தது. விகிதங்கள் பரவாயில்லை என்று அறிக்கை போயிற்று. அதை அவர் தமக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு மீண்டும் குடித்தார். இரண்டு ஆண்டு முடிவதற்குள் இரத்த வாந்தியில் இறந்துபோனார் என்று பின்னர் அறிந்தேன். கேமரா அன்றைய கல்லீரலைப் பார்க்கிறது. மறுநாள் அந்தக் கை எதை எடுக்கும் என்பதை அது பார்ப்பதில்லை. இந்நோயில் நீண்டகால ஆயுளை நிர்ணயிப்பவற்றில் முதன்மையானது குடியை விட்டாரா இல்லையா என்பதே என்று மருத்துவம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கும்போது, அதை ஒதுக்கிவிட்டுப் படத்திலுள்ள எண்ணை மட்டும் ஆயுள் கணிப்பாக அச்சிடுவது எப்படிச் சரியாகும்?

இரண்டாம் முறை அளப்பதன் பயனுக்கு இரத்தப் பரிசோதனை உலகமே நல்ல சான்று தருகிறது. கடுமையான மதுக் கல்லீரல் அழற்சிக்கு ஸ்டீராய்டு மருந்து தொடங்கியவர்களிடம், 2007இல் வெளியான லில் கணக்கு, முதல் நாள் பிலிருபினையும் ஏழாம் நாள் பிலிருபினையும் ஒப்பிட்டு, வயது உள்ளிட்ட வேறு சில விவரங்களையும் சேர்த்துக்கொள்கிறது. விடை 0.45க்குக் கீழே இருந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். அதற்கு மேலே இருந்தவர்களில் சுமார் 25 சதவீதம் பேரே இருந்தார்கள். முதல் நாளில் இந்த இரு சாராரும் ஒரே மாதிரி மஞ்சளாகத்தான் படுத்திருந்தார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு அந்த ஏழு நாட்களில் நடந்த மாற்றத்துக்கு உண்டு. ஒரு வார இடைவெளியில் எடுத்த இரண்டு இரத்தத் துளிகள் இவ்வளவு சொல்ல முடியுமானால், மதுவை நிறுத்திச் சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் இன்னும் எவ்வளவு சொல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள். அணுப்படத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டுமானால் இரண்டு முறை எடுக்க வேண்டும் என்கிறேன்.

என்னை எழுத வைத்த வேறொரு வருத்தமும் உண்டு. நான் பணியாற்றிய இடங்களில் ஒன்றில், "கல்லீரலில் துகள் ஏற்பு மிகக் குறைவு, மஜ்ஜைக்கு மிகுதியாக இடம்பெயர்ந்துள்ளது" என்று அச்சிட்ட அறிக்கையை, குடி நிறுத்தி நான்கு நாள்கூட ஆகாத ஒருவரின் படுக்கையருகே நின்று, அவர் காது கேட்கவே உறவினர்களிடம் படித்துக் காட்டி, மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மனிதரின் தம்பி என்னிடம் வந்து, "இனிமேல் குடித்தால்தான் என்ன, குடிக்காவிட்டால்தான் என்ன என்று அண்ணன் சொல்கிறார்" என்றார். கெடு சொன்ன வாய் அறியாமல் செய்த கொடுமை அது. மீளக்கூடிய பாதை ஒன்று இருந்திருந்தால், அதில் கால் வைப்பதற்கான ஒரே காரணத்தையும் அந்தச் சில சொற்கள் பறித்துவிட்டன. குடிகாரர் என்று அழைப்பதைத் தவிர்த்துக் குடிநோயாளி என்று எழுதும் நல்ல வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. உங்கள் நாளிதழும் அவ்வாறே எழுதுகிறது. நோயாளி என்று ஏற்ற பிறகு, மற்ற நோயாளிகளுக்குக் காட்டும் பொறுமையையும் இவர்களுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? இருதய நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் எக்கோ எடுத்துப் பார்க்காமல் யாரும் ஆயுளைக் கணிப்பதில்லை.

மாற்றுக் கல்லீரல் பற்றியும் கட்டுரை தொட்டது. ஆறு மாதம் குடிக்காமலிருந்தால்தான் மாற்று உறுப்புக்குப் பரிசீலிப்போம் என்ற விதியைப் பல நாடுகளின் மருத்துவமனைகள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்தன. குடிப்பழக்கம் நின்றதை உறுதி செய்வதோடு, அந்தக் காலத்தில் கல்லீரல் தானே தேறினால் மாற்றே வேண்டாம் என்பதும் அதற்கான காரணம். ஆனால் மருந்துக்கு இணங்காத கடும் அழற்சியில் பெரும்பாலோர் அந்த ஆறு மாதத்தைக் காண்பதில்லை. பிரான்சு, பெல்ஜியம் நாடுகளின் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 நோயாளிகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லாமலே கல்லீரல் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 77 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், மாற்றுப் பெறாத ஒப்பீட்டு நோயாளிகளில் 23 சதவீதம் பேரே இருந்தார்கள். மாற்றுப் பெற்றவர்களில் மூவர் பின்னாளில் மீண்டும் குடித்தார்கள் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. யார் காத்திருந்தால் தேறுவார், யார் காத்திருந்தால் இறப்பார் என்று பிரித்தறிவதே இந்த முடிவின் கடினமான முடிச்சு. தேறும் கல்லீரல் தேறுகிறது என்பதை முன்கூட்டியே காட்டக்கூடிய எந்த அளவையும், அணுப்படமும் உட்பட, இங்கே பயன்பட வேண்டும். ஆனால் கட்டுரையின் தொனியில் படித்தால், படம் மங்கியவருக்கு உறுப்பு கொடுப்பது வீண் என்ற எண்ணமே எழுகிறது. படம் மங்கித் தேறாமலும் இருப்பவருக்கல்லவா மாற்று உறுப்பின் தேவை மிகுதி?

கதிரியக்கம் என்ற சொல்லால் அஞ்சுவோருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தால் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் ஓராண்டில் சராசரியாகப் பெறுவதே 2.4 மில்லிசீவர்ட். டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைவதால், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் முன்பே தெரிவிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டாம் முறை எடுப்பதற்கு இந்த அச்சம் தடையாக வேண்டியதில்லை.

உண்மையான தடை வேறு. 1960களிலும் 70களிலும் கல்லீரலில் கட்டி தேடுவதற்கு இந்தப் படத்தையே நாடினார்கள், அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் பரவிய பிறகு அந்தத் தேவை போய்விட்டது, அதோடு சேர்த்து வேலையை அளக்கும் பயனும் மறக்கப்பட்டது. பல பிரிவுகளில் இன்று கல்லீரல் அணுப்படம் கேட்டு வரும் சீட்டே அபூர்வம். டெக்னீசியத்துக்குத் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99 உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய அணு உலைகளில்தான் தயாராகிறது. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே முதல் 2010 ஆகஸ்டு வரை மூடிக்கிடந்தபோது, இதய நோயாளிக்கும் எலும்பு நோயாளிக்கும் போதாமல் உலகெங்கும் பல பிரிவுகள் திணறின. அப்படிப்பட்ட காலத்தில் கல்லீரல் படத்துக்கு முறை வருமா? விகிதம் கணக்கிடும் வழியும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு பிரிவின் எண்ணை மறு பிரிவின் எண்ணோடு ஒப்பிட்டால் தவறாகப் போகும். இரண்டு படங்களையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

குப்ஃபர் செல்களை விட்டு, கல்லீரலின் முதன்மைச் செல்களையே நேராக அளக்கும் கதிரியக்க மருந்துகளும் உள்ளன. ஜப்பானில் அத்தகைய ஒன்றை 1990களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். மெப்ரோஃபெனின் என்ற மற்றொன்றைக் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதற்கு முன், மீதி தாங்குமா என்று பார்க்கக் கையாள்கிறார்கள். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவியும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அழற்சியில் அதன் எண்ணும் தேவைக்கு மேல் ஏறிக்காட்டி, குடி நின்றதும் இறங்குகிறது. எந்தக் கருவியானாலும், குடி நின்ற பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்ற தேவை மட்டும் மாறுவதில்லை.

ஆகவே உங்கள் வழியாகச் சிலரிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். அறிக்கை எழுதும் மருத்துவர்கள், கடைசியாக மது அருந்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதை முதல் வரியிலேயே குறிக்க வேண்டும். நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலானவற்றில் அந்த வரி இல்லை. நோயாளியின் குடும்பத்தார், படம் எடுத்த நாளில் காமாலையும் அழற்சியும் இருந்தனவா என்றும், இந்த எண்ணை எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்றும் தயங்காமல் கேட்க வேண்டும். ஆயுளைப் பற்றிக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. கேட்டால் மறைக்கவும் கூடாது. ஆனால் சொல்லும்போது, இப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் என்ற கணக்கே அது, இவர் அந்த நூறில் எந்தப் பக்கம் என்பதைக் கணக்கு அறியாது என்பதையும், குடியை விட்டால் அந்தக் கணக்கே மாறும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

கட்டுரையோடு ஓர் அணுப்படத்தையும் அச்சிட்டிருந்தீர்கள். மங்கிய கல்லீரலும் ஒளிரும் முதுகெலும்புமாக இருந்த அந்தப் படத்தின் கீழே, "இறுதி நிலை" என்று மட்டும் குறித்திருந்தது. நான் சொன்ன அந்த நாற்பது வயதுக்காரரின் முதல் படமும் ஏறக்குறைய இதே போலத்தான் இருந்தது. அந்தப் படம் யாரிடம், மது நின்று எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது, அதற்குப் பிறகு இன்னொரு படம் எடுத்தார்களா என்ற விவரங்களைக் கட்டுரையாளரிடம் கேட்டு, கிடைத்தால் அடுத்த மருத்துவப் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற அணு மருத்துவத் தொழில்நுட்பர்